உங்களுக்குத் தெரியுமா? நடந்தால் அதிரும் நிலம்

வட ஐரோப்பாவில் ஒரு வகை நிலம் இருக்கிறது. கால் வைத்தால் தரை மெல்ல அதிரும். பக்கத்தில் நிற்பவர் குதித்தால் நம் காலடியும் சேர்ந்து ஆடும். கீழே பல மீட்டர் ஆழத்துக்குப் பாசியும் நீரும்தான். மேட்டுச் சதுப்புகள், மூர் வெளிகள் என்று அழைக்கப்படும் இவற்றை ஒன்றுக்கும் உதவாத நிலம் என்று பல நூற்றாண்டுகள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். இன்று அவற்றில் எஞ்சியவற்றுள் பல இயற்கைக் காப்பகங்கள். பலகைப் பாதை போட்டு, எவரும் நடந்து பார்க்க வழி செய்திருக்கிறார்கள். அந்தப் பாதைகளில் ஒரு சுற்று போய்வரலாமா?

மேடு பிறந்த கதை

● சதுப்பு என்றாலே பள்ளம் என்றுதான் நினைப்போம். மேட்டுச் சதுப்பு அதற்கு நேர்மாறு. கவிழ்த்து வைத்த தட்டைப் போல நடுவில் உயர்ந்தும் ஓரங்களில் தாழ்ந்தும் இருக்கும். சுற்றியுள்ள நிலத்தைவிட அதன் நடுப்பகுதி சில மீட்டர் உயரமாக இருப்பது வழக்கம்.

● உயரத்தில் இருப்பதால் ஆற்று நீரோ ஊற்று நீரோ அதை எட்டாது. வானத்திலிருந்து விழும் மழையும் பனியும் மட்டுமே அதற்கு வரவு. மழை நீரில் தாது உப்புகள் மிகக் குறைவு என்பதால், அரைப்பட்டினியில் வாழப் பழகிய செடிகளே அங்கே நிலைக்கும்.

● இவற்றில் பெரும்பாலானவை கடைசிப் பனியுகம் முடிந்த பிறகு, ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்குள் உருவானவை. பனிப்பாறைகள் விலகிய இடங்களில் ஏரிகளும் குட்டைகளும் மிஞ்சின. அவற்றில் நாணலும் கோரையும் மண்டித் தூர்ந்தன. அதன்மேல் ஸ்பாக்னம் என்ற பாசி குடியேறி, ஆண்டுக்காண்டு தன்மேல் தானே வளர்ந்து மேடானது.

● அடியில் இறந்த பாசி முழுவதுமாக மக்குவதில்லை. நீரில் மூழ்கிக் கிடப்பதால் ஆக்சிஜன் கிடையாது. அமிலமும் குளிரும் நுண்ணுயிர்களை ஒடுக்கிவிடுகின்றன. இப்படிப் பாதி மக்கிப் படிந்த பழுப்பு மண்ணுக்குப் பெயர் பீட். அது உயரும் வேகம் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் பீட் என்றால் அது ஆயிரம் ஆண்டு உழைப்பு.

● ஸ்பாக்னம் பாசிக்கு வேர் கிடையாது. அதன் இலைகளில் நீரைத் தேக்கி வைப்பதற்கென்றே வெற்று அறைகள் உண்டு. தன் உலர் எடையைப் போல 20 மடங்கு நீரை அது பிடித்து வைத்துக்கொள்ளும். மழை நீரில் இருக்கும் கொஞ்சநஞ்ச தாதுக்களை உறிஞ்சிக்கொண்டு பதிலுக்கு அமிலத்தை வெளியிடும். மற்றச் செடிகள் தாங்க முடியாத ஒரு சூழலை இப்படி அதுவே உண்டாக்கிக்கொள்கிறது.

● முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் பஞ்சுக்குத் தட்டுப்பாடு வந்தது. அப்போது காயங்களுக்குக் கட்டுப்போட உதவியது ஸ்பாக்னம்தான். ஊர் மக்கள் மூர் வெளிகளுக்குப் போய்ப் பாசியைச் சேகரித்து, உலர்த்தி, சுத்தம் செய்து மருத்துவமனைகளுக்கு அனுப்பினார்கள். பஞ்சைவிட அதிகமாக அது இரத்தத்தை உறிஞ்சியது. அதன் அமிலத்தன்மை கிருமிகள் பெருகாமலும் தடுத்தது.

பலகைப் பாதையில்

● எஸ்டோனியாவின் நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் பீட் நிலம். தலைநகர் தாலினிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடக்கூடியது விரு சதுப்பு. அங்கே 3.5 கிலோமீட்டர் பாதையில் பலகை போட்டிருக்கிறார்கள். நடுவில் ஒரு பார்வைக் கோபுரமும் உண்டு. ஏறி நின்றால் நூற்றுக்கணக்கான கரிய குட்டைகளும் குட்டைப் பைன் மரங்களும் கண்ணுக்கெட்டியவரை விரியும். இது அமைந்திருக்கும் லஹேமா தேசியப் பூங்கா 1971இல் அமைக்கப்பட்டது. சோவியத் ஒன்றியத்தின் முதல் தேசியப் பூங்கா அதுதான்.

● அந்தக் குட்டைப் பைன் மரங்களைக் கன்றுகள் என்று எண்ணிவிட வேண்டாம். ஆள் உயரமே உள்ள ஒரு மரத்துக்கு நூறு வயது இருக்கலாம். உணவு இல்லாத மண்ணில் வேர் நீரில் நனைந்தபடியே நிற்பதால், அவை உயரும் வேகம் அவ்வளவுதான்.

● பலகை இல்லாத இடத்தில் எப்படி நடப்பது? எஸ்டோனியாவிலும் சுவீடனிலும் பனியில் நடக்கும் அகலக் காலணிகளைக் கோடையில் சதுப்புக்கும் மாட்டிக்கொள்கிறார்கள். உடல் எடை அகலப் பரவுவதால் கால் புதையாது, பாசியும் நசுங்காது. இந்த நடைக்கு வழிகாட்டியோடு போவதே நல்லது.

● எஸ்டோனியாவின் சோமா தேசியப் பூங்கா 1993இல் பிறந்தது. பெரிய சதுப்புகளும் அவற்றுக்கு இடையே ஓடும் ஆறுகளும் சேர்ந்த இடம். வசந்தத்தில் பனி உருகியதும் காடும் வயலும் சாலையும் நீரில் மூழ்கிவிடும். ஊர்க்காரர்கள் அதை 'ஐந்தாம் பருவம்' என்கிறார்கள். அந்த நாட்களில் போக்குவரத்துக்கு ஒற்றை மரத்தைக் குடைந்து, சூடாக்கி விரித்த படகு உதவும். அந்தப் படகு செய்யும் கலையை 2021இல் யுனெஸ்கோ அவசரமாகக் காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

● லாத்வியாவின் கெமெரி தேசியப் பூங்காவிலும் பெரிய சதுப்பின் மேல் வளையமாகப் பலகைப் பாதை இருக்கிறது. நேரம் இல்லாதவர்களுக்குச் சிறிய சுற்று; நடக்க ஆசைப்படுபவர்களுக்கு 3 கிலோமீட்டருக்கும் அதிகமான பெரிய சுற்று. விடியற்காலையில் பனிமூட்டத்துக்கு மேலே சூரியன் எழுவதைப் பார்க்க இருட்டிலேயே ஆட்கள் வந்துவிடுகிறார்கள்.

● ஜெர்மனியின் லூனெபர்க் ஹீத் பகுதியில், ஷ்னெவர்டிங்கன் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் பீட்ஸ்மோர் என்ற சதுப்பு இருக்கிறது. முன்பு பீட் வெட்டிக் குதறப்பட்ட இடம். வடிகால்களை அடைத்து மழை நீரை உள்ளேயே நிறுத்தியதும் ஸ்பாக்னம் திரும்பி வந்தது. ஏறக்குறைய 5 கிலோமீட்டர் சுற்றில், ஒரு காலத்தில் வெட்டிய குழிகள் இன்று குளங்களாக மாறியிருப்பதைப் பக்கத்திலிருந்தே பார்க்கலாம். காயம்பட்ட சதுப்பும் நீர் கிடைத்தால் தேறும் என்பதற்கு இது கண்கண்ட சாட்சி.

● அதே வட்டாரத்தில் ஆகஸ்ட், செப்டம்பரில் ஊதா நிறத்தில் பூத்துக் கிடக்கும் ஹெதர் புதர் வெளிகள் (ஹீத்) இயற்கை தானாகத் தந்தவை அல்ல. காட்டை அழித்து, ஆடு மேய்த்து, மேல்மண்ணைச் சுரண்டி மனிதர்கள் உருவாக்கிய வெளிகள் அவை. மேய்ச்சல் நின்றால் சில பத்தாண்டுகளில் மறுபடி காடாகிவிடும். அதனால் ஹைட்ஷ்னுக்கே என்ற நாட்டுச் செம்மறி ஆடுகளை இன்றும் அங்கே மந்தையாக மேய்க்கிறார்கள். காப்பகத்தின் முதல் பராமரிப்பாளர்கள் அந்த ஆடுகளும் இடையர்களும்தான்.

● பெல்ஜியத்தின் மிக உயர்ந்த இடம் ஒரு சதுப்பு வெளியில் இருக்கிறது. ஓத் ஃபாஞ் காப்பகத்தின் பொத்ராஞ்ச் மேடு 694 மீட்டர். 1923இல் அதன்மேல் 6 மீட்டர் உயரத்துக்கு மண்ணைக் கொட்டிப் படி கட்டினார்கள். மேலே ஏறி நின்றால் 700 மீட்டர்!

● அந்தக் காப்பகத்தில் சிவப்புக் கொடி பறந்தால் நடைக்கு அனுமதி இல்லை. தீப்பிடிக்கும் அபாயம் உள்ள வறண்ட நாட்களில் கொடியை ஏற்றிவிடுவார்கள். மற்ற நாட்களிலும் சில பகுதிகளில் குறியிட்ட பாதையில் மட்டுமே நடக்கலாம். சில பகுதிகளுக்கு வழிகாட்டியோடுதான் போகலாம். சில பகுதிகள் எவருக்கும் திறப்பதில்லை.

● அங்கேயே பாதையோரம் ஒரு மரச்சிலுவை நிற்கிறது. 1871 ஜனவரியில் திருமணத்துக்கான ஆவணங்களை வாங்கப் பெண்ணின் சொந்த ஊருக்கு நடந்து புறப்பட்ட ஒரு காதல் இணை, பனிப்புயலில் வழி தவறி இறந்துபோனது. பனி உருகிய பிறகே உடல்கள் கிடைத்தன. 'மணமக்கள் சிலுவை' என்று அதற்குப் பெயர். மூர் வெளியில் வானிலை எவ்வளவு வேகமாக மாறும் என்பதை வழிப்போக்கர்களுக்கு அது இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

நடப்பதற்காகச் சிறை சென்றவர்கள்

● இங்கிலாந்தில் மான்செஸ்டர், ஷெஃபீல்டு நகரங்களின் ஆலைத் தொழிலாளர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்கக் கண்ணெதிரே மூர் வெளிகள் இருந்தன. ஆனால் அவை பறவை வேட்டைக்காக நிலக்கிழார்கள் அடைத்து வைத்த சொத்து. 1932 ஏப்ரல் 24 அன்று சில நூறு பேர் தடையை மீறிக் கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டில் ஏறினார்கள். ஐந்து இளைஞர்கள் சிறைக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர் பென்னி ராத்மன். அப்போது அவருக்கு வயது 20.

● அந்தச் சிறைவாசம் வீண்போகவில்லை. 1949இல் தேசியப் பூங்காக்களுக்கான சட்டம் வந்தது. 1951இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாகக் கிண்டர் ஸ்கவுட் அமைந்த பீக் டிஸ்ட்ரிக்ட் அறிவிக்கப்பட்டது. 2000இல் வந்த இன்னொரு சட்டம், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குறிக்கப்பட்ட மலை, மூர், ஹீத் வெளிகளில் எவரும் நடந்து திரியும் உரிமையைத் தந்தது. இன்று அங்கே சாதாரணமாக நடப்பவர்கள் அந்த ஐந்து பேருக்குக் கடன்பட்டவர்கள்.

● இங்கிலாந்தின் முதுகெலும்பான மலைத்தொடரில் போகும் பென்னைன் நெடும்பாதை 1965இல் திறக்கப்பட்டது. நடந்தவர்களின் கால்பட்டே பல இடங்களில் பீட் சேறாகிப் பாதை அகன்றுகொண்டே போனது. இதற்கு ஒரு தீர்வு கண்டார்கள். இடிக்கப்பட்ட பழைய பஞ்சாலைகளின் தளக் கற்களை ஹெலிகாப்டரில் கொண்டுபோய்ச் சதுப்பின்மேல் பரப்பினார்கள். நூற்பாலைத் தொழிலாளர்கள் நின்று தேய்ந்த கற்களில் இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் மூர் வெளியைக் கடக்கிறார்கள்.

● டார்ட்மூர் வெளியின் நடுவே கிரான்மியர் பூல் என்ற எளிதில் எட்டாத இடத்துக்கு 1854இல் ஆட்களை அழைத்துப்போன ஒரு வழிகாட்டி, அங்கே ஒரு புட்டியை வைத்தார். வந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதில் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். அது வளர்ந்து, மூர் முழுக்க ஒளித்து வைத்த பெட்டிகளைத் தேடி நடக்கும் பொழுதுபோக்காக ஆனது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு ரப்பர் முத்திரை இருக்கும். கண்டுபிடித்தவர் தன் குறிப்பேட்டில் பதித்துக்கொள்வார்.

● சதுப்பில் ரயில் ஓடுமா? 1830இல் திறந்த லிவர்பூல் – மான்செஸ்டர் ரயில் பாதை, சாட் மாஸ் என்ற மேட்டுச் சதுப்பைக் கடந்தாக வேண்டியிருந்தது. கொட்டிய மண்ணெல்லாம் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. ஜார்ஜ் ஸ்டீபன்சன், ஹெதர் புதரையும் மரக்கிளைகளையும் படலாகப் பின்னி அடுக்கி, அதன்மேல் தண்டவாளத்தை மிதக்க விட்டார். அந்தத் தடத்தில் இன்றும் ரயில்கள் ஓடுகின்றன.

சதுப்பின் குடிகள்

● மண்ணில் நைட்ரஜன் கிடைக்காத குறையைப் பூச்சியைத் தின்று ஈடுகட்டும் செடிகள் இங்கே உண்டு. ட்ரோசெரா செடியின் வட்ட இலைகளில் சிவந்த மயிர்களும், ஒவ்வொன்றின் நுனியிலும் பனித்துளிபோல ஒரு பசைத் துளியும் இருக்கும். தேன் என்று நம்பி வரும் பூச்சி ஒட்டிக்கொண்டதும் இலை மெதுவாக மடங்கும். 1860 கோடையில் சசெக்ஸ் வெளியில் இதைக் கவனித்த சார்லஸ் டார்வின், பல ஆண்டுகள் சோதனை செய்து 1875இல் பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். பலகைப் பாதையில் குனிந்து பார்த்தால்தான் இது கண்ணில் படும். முழுச் செடியும் ஒரு கை அகலம்கூட இருக்காது.

● குட்டை நீரில் வாழும் யூட்ரிகுலேரியா இன்னும் வேகமானது. அதன் சிறு பைகளின் வாசலை ஒரு நீர்ப்பூச்சி தொட்டவுடன் வாசல் திறந்து, நீரோடு பூச்சியையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். எல்லாம் நடந்து முடிய ஒரு மில்லி விநாடி அளவே ஆகும்.

● மூர் தவளையின் ஆண், ஆண்டில் சில நாட்கள் மட்டும் நல்ல நீல நிறத்துக்கு மாறும். வசந்தத்தின் தொடக்கத்தில், இணை தேடும் காலத்தில் இது நடக்கும். பிறகு பழைய பழுப்பு நிறத்துக்கே திரும்பிவிடும். வட ஜெர்மனியின் சதுப்புக் காப்பகங்களுக்கு அந்த நாட்களில் படம் எடுப்பவர்கள் தேடிவருவது இதற்காகத்தான்.

● ஜெர்மனியின் டீப்ஹோல்ட்ஸ் சதுப்புத் தாழ்நிலத்தில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பல பத்தாயிரம் பெருங்கொக்குகள் தெற்கே போகும் வழியில் தங்குகின்றன. பகலில் அறுவடை முடிந்த மக்காச்சோள வயல்களில் மேய்ந்துவிட்டு, இரவில் நீர் தேங்கிய சதுப்பில் நின்றபடி உறங்கும். சுற்றிலும் நீர் இருந்தால் நரி நெருங்க முடியாது. வற்றிய சதுப்புகளில் நீரை மறுபடி நிறுத்திய பிறகே அங்கே அவற்றின் கூட்டம் இவ்வளவு பெருகியது.

● கோடைத் தொடக்கத்தில் சதுப்பெங்கும் வெள்ளைப் பஞ்சு பூத்தாற்போல் ஆடுவது பருத்திப்புல். அது பருத்திச் செடியின் உறவு அல்ல; கோரை இனம். இழை குட்டையாகவும் நொறுங்குவதாகவும் இருப்பதால் நூல் நூற்க ஆகாது. தலையணைக்குள் அடைக்கவும் விளக்குத் திரிக்கும் பயன்படுத்தினார்கள்.

● ஃபின்லாந்தின் 2 யூரோ நாணயத்தில் இருப்பது ஒரு சதுப்புப் பழம்! கிளவுட்பெரி என்ற அந்தப் பொன்னிறப் பழம் கோடையின் நடுவில் சில வாரங்களே கிடைக்கும். சதுப்பு சதுப்பாக நடந்து கையால்தான் பறித்தாக வேண்டும்.

நிலத்தின் நினைவறை

● 1950 மே மாதம் டென்மார்க்கில் பீட் வெட்டிக்கொண்டிருந்த குடும்பத்தினர், மண்ணுக்குள் ஒரு மனித முகத்தைக் கண்டு போலீசைக் கூப்பிட்டார்கள். புதிதாக நடந்த கொலை என்று நினைத்தார்கள். நெற்றிச் சுருக்கமும் தாடி முடியும் அப்படியே இருந்தன. கழுத்தில் தோல் கயிறு. அவர் இறந்து ஏறக்குறைய 2,400 ஆண்டுகள் ஆகியிருந்தன! டொல்லுண்ட் மனிதர் என்று பெயர் பெற்ற அவர் கடைசியாகச் சாப்பிட்டது பார்லியும் ஆளி விதையும் சேர்ந்த கஞ்சியும் மீனும் என்று வயிற்றை ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். சில்கபோர் அருங்காட்சியகத்தில் அவரைக் காணலாம்.

● அயர்லாந்தின் சதுப்புகளில் வெண்ணெய் கிடைக்கிறது. மரப்பாத்திரங்களில் வைத்துப் புதைத்த வெண்ணெய்க் கட்டிகள். சில 3,500 ஆண்டுப் பழைமை உள்ளவை. கெடாமல் காக்கப் புதைத்தார்களா, தெய்வத்துக்குக் காணிக்கையா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை.

● அதே நாட்டில், லாங்ஃபோர்டு மாவட்டத்தின் கோர்லியா சதுப்புக்கு அடியில் ஓக் பலகைகளால் ஆன ஒரு சாலை கிடைத்தது. மரத்தின் ஆண்டு வளையங்களைக் கணக்கிட்டு, மரங்களை வெட்டிய ஆண்டு கி.மு. 148 என்று கண்டார்கள். அதில் 18 மீட்டர் நீளத்தை ஈரப்பதம் காக்கும் கூடத்தில் வைத்திருக்கிறார்கள். பலகை போட்டுச் சதுப்பைக் கடக்கும் யோசனைக்கு 2,100 ஆண்டுகளுக்கு மேல் வயது!

● 2006இல் டிப்பரரி மாவட்டத்தில் பீட் அள்ளிய இயந்திரத்தின் வாளியில் ஒரு புத்தகம் வந்தது. ஏறக்குறைய கி.பி. 800இல் தோலில் எழுதப்பட்ட, பைபிளின் சங்கீதங்கள் அடங்கிய புத்தகம். அதன் தோல் அட்டையின் உட்புறத்தில் பப்பைரஸ் இருந்தது. எகிப்திய மண்ணின் தாள் அயர்லாந்துச் சதுப்பு வரை வந்திருக்கிறது!

● மேயோ மாவட்டத்தில் 1930களில் பீட் வெட்டிய பள்ளி ஆசிரியர் பாட்ரிக் கால்ஃபீல்டு, சதுப்புக்கு அடியில் வரிசையாகக் கற்கள் கிடப்பதைக் கவனித்தார். அவர் மகன் சேமஸ் தொல்லியல் படித்துவிட்டு வந்து, இரும்புக் கம்பியைப் பீட்டுக்குள் செருகித் தட்டுப்பட்ட இடங்களைக் குறித்தபடியே போனார். புதைந்து கிடந்தவை கற்கால உழவர்களின் வயல் வரப்புச் சுவர்கள். கேய்ட் ஃபீல்ட்ஸ் என்ற அந்த வயல்வெளிகள், சதுப்பு வளர்ந்து மூடியதால் அப்படியே பிழைத்திருக்கின்றன.

● காற்றில் வந்து விழும் மகரந்தமும் பீட்டில் அடுக்கடுக்காகப் படிந்து அழியாமல் இருக்கும். எந்த அடுக்கில் எந்த மரத்தின் மகரந்தம் என்று எண்ணினால் அந்தக் காலத்துக் காடு தெரிந்துவிடும். சுவீடனைச் சேர்ந்த லென்னார்ட் ஃபான் போஸ்ட் 1916இல் இந்த முறையை அறிஞர் அவையில் முன்வைத்தார்.

● நீலகிரியிலும் பீட் உண்டு. சோலைகளுக்கும் புல்வெளிகளுக்கும் இடையே உள்ள பள்ளத்தாக்குச் சதுப்புகளில் அது படிந்திருக்கிறது. ஐரோப்பிய மேட்டுச் சதுப்பிலிருந்து வேறுபட்ட அமைப்பு. ஆனால் நினைவாற்றல் அதே. அந்த பீட்டில் உள்ள கரிம அணுக்களின் வகைகளை ஆராய்ந்து, 20,000 ஆண்டுப் பருவமழையின் ஏற்ற இறக்கத்தை ஆர். சுகுமாரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1993இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். ட்ரோசெராவின் உறவுச் செடிகளும் தமிழக மலைகளின் ஈரப் புல்வெளிகளில் வளர்கின்றன.

● இரவில் சதுப்பின்மேல் எரிந்து அணையும் ஒளியை நம் ஊரில் கொள்ளிவாய்ப் பிசாசு என்பார்கள். ஐரோப்பியக் கிராமங்களிலும் அதே ஒளியை வழிப்போக்கரை ஏமாற்றிச் சேற்றில் தள்ளும் ஆவி என்று அஞ்சினார்கள். சதுப்பில் ஊறும் மீத்தேன் முதலான வாயுக்களே காரணம் என்பது பொதுவான விளக்கம்.

நீர் போனால் எல்லாம் போகும்

● வட ஜெர்மனியின் டொய்ஃபெல்ஸ்மோர் பகுதியை 18ஆம் நூற்றாண்டில் யூர்கன் கிறிஸ்டியான் ஃபின்டார்ஃப் என்பவர் வடிகால் வெட்டிக் குடியேற்றினார். முதல் தலைமுறைக்குச் சாவு, இரண்டாம் தலைமுறைக்கு வறுமை, மூன்றாம் தலைமுறைக்கே சோறு என்பது அந்தக் குடியேறிகளின் சொலவடை. சதுப்பை அழித்தவர்கள் என்று அவர்களை எளிதாகக் குறை சொல்லிவிட முடியாது. பசிதான் அவர்கள் கையில் மண்வெட்டியைக் கொடுத்தது.

● இங்கிலாந்தின் ஹோம் ஃபென் காப்பகத்தில் ஒரு இரும்புத் தூண் இருக்கிறது. அங்கிருந்த ஏரியை வடித்த 1851ஆம் ஆண்டுவாக்கில், தூணின் தலை தரைமட்டத்தில் இருக்கும்படி புதைத்தார்கள். இன்று தூண் தரைக்கு மேல் ஏறக்குறைய 4 மீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கிறது. தூண் வளரவில்லை, நீர் போன பீட் சுருங்கி, காற்றுப் பட்டு மக்கிக் கரைந்துபோனது. நான்காயிரம் ஆண்டுச் சேமிப்பு 170 ஆண்டுகளில் போய்விட்டது.

● உலக நிலப்பரப்பில் பீட் நிலங்கள் ஏறக்குறைய 3 விழுக்காடுதான். ஆனால் உலகக் காடுகள் எல்லாம் தங்கள் மரம் செடிகளில் வைத்திருப்பதைவிட அதிகமான கரிமம் அவற்றில் இருக்கிறது. வடிகால் வெட்டினால் அது கார்பன் டை ஆக்சைடாக வெளியேறும். மனிதர்களால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் ஏறக்குறைய 5 விழுக்காடு, வடிக்கப்பட்ட பீட் நிலங்களிலிருந்து வருவது.

● வறண்ட பீட்டில் தீப்பிடித்தால் தரைக்கு அடியில் புகைந்துகொண்டே போகும். 2018 செப்டம்பரில் ஜெர்மனியின் மெப்பன் அருகே ராணுவ ராக்கெட் சோதனையின்போது சதுப்பில் பிடித்த தீயை முழுவதும் அணைக்க ஒரு மாதத்துக்கும் மேல் ஆனது. நீர் நிறைந்த சதுப்பில் இப்படி ஆழத்தில் தீ இறங்காது.

● அயர்லாந்தில் அரசு நிறுவனமான போர்ட் ந மோனா பல பத்தாண்டுகள் இயந்திரம் வைத்து பீட் வெட்டியது. 2021 ஜனவரியில் அந்த வேலையை முற்றாக நிறுத்துவதாக அறிவித்தது. வெட்டியெடுத்த நிலங்களில் பலவற்றை மறுபடி நனைத்துச் சீராக்கும் பணி நடக்கிறது. வெட்டுக்குத் தப்பிய சதுப்பைப் பார்க்க விரும்பினால் ஆஃபலி மாவட்டத்தின் கிளாரா சதுப்புக்குப் போகலாம். அங்கும் பலகைப் பாதை உண்டு.

● ஸ்காட்லாந்தின் வடகோடியில் உள்ள ஃப்ளோ கண்ட்ரி, மேடு பள்ளம் எல்லாவற்றையும் பரந்து மூடிக் கிடக்கும் சதுப்பு. 1980களில் வரிச்சலுகைக்காக அங்கே வடிகால் வெட்டி ஊசியிலை மரங்களை நட்டார்கள். பின்னால் பல இடங்களில் அந்த மரங்களை வெட்டி, வடிகால்களை அடைத்துச் சதுப்பை மீட்டார்கள். 2024 ஜூலையில் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. பீட் சதுப்பு என்ற சிறப்புக்காகவே அந்தப் பட்டியலில் ஏறிய முதல் இடம் அதுதான். ஃபோர்சினார்டு ரயில் நிலையத்தில் இறங்கினால் நடை தூரத்திலேயே பலகைப் பாதை தொடங்குகிறது.

புறப்படும் முன்

● மழையில் பலகை வழுக்கும். பல இடங்களில் கம்பிவலை அடித்திருந்தாலும் நல்ல பிடிப்புள்ள காலணி தேவை. பலகையை விட்டு இறங்க வேண்டாம். பாசியில் பதிந்த ஒரு காலடி ஆண்டுக்கணக்கில் மறையாது.

● உண்ணிகள் உண்டு. லைம் நோயைப் பரப்பக்கூடியவை. முழுக்கால்சட்டை அணிந்து அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். திரும்பியதும் உடலைச் சோதித்துப் பாருங்கள்.

● வெயில் காயும் இடங்களில், பலகையின் ஓரத்திலும்கூட, ஆடர் என்ற விரியன் பாம்பு படுத்திருக்கலாம். நஞ்சுள்ளது, ஆனால் கூச்சம் மிக்கது. நின்று வழிவிட்டால் தானே போய்விடும்.

● வசந்தமும் கோடையின் முற்பகுதியும் தரையில் கூடு கட்டும் பறவைகளின் காலம். நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள், குரலைத் தாழ்த்துங்கள். கோடையில் நெருப்பு எதையும் கொளுத்தாதீர்கள். சிகரெட் துண்டும் நெருப்புத்தான்.

● சதுப்புக்கு நேரில் போக முடியாதவர்களும் அதைக் காக்கலாம். ஐரோப்பாவில் தொட்டிச் செடிக் கலவைக்காகவே ஏராளமான பீட் வெட்டப்படுகிறது. அதற்கு மாற்றாக அங்கே வாங்கும் பொருள்களில் ஒன்று, பொள்ளாச்சி வட்டாரத்திலிருந்து கட்டிகளாக ஏற்றுமதியாகும் தேங்காய் நார்க்கழிவு. நம் மாடித் தோட்டக்காரர்கள் கோகோபீட் என்று சொல்லும் அதே பொருள். ஜெர்மனியிலோ இங்கிலாந்திலோ இருக்கும் உங்கள் மகனோ மகளோ செடி மண் வாங்கும்போது, பையில் 'பீட் இல்லாதது' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். அடுத்த விடுமுறையில் அவர்களைப் பார்க்கப் போனால், கோட்டை கொத்தளங்களோடு ஒரு சதுப்புக் காப்பகத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவற்றுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது.